பண்ணைப்புரத்து பேஸும் பன்னீர் திராட்சையும்

"ஏ மாப்ள, இது இந்தப் பாட்டுக்குள்ளயேவா இருந்துச்சு?"

கேட்டவர் என் தாய்மாமா. வயது எழுபத்து மூன்று. கோம்பைப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் மைக் செட் வைத்துத் தொழில் செய்தவர். காதுகுத்து, கல்யாணம், சடங்கு வீடு, கோயில் பொங்கல் என்று அவர் குழாய் கட்டாத தெரு அந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. 1980-ல் வந்த 'ஜானி' படத்தின் பாட்டுகளை எத்தனை ஆயிரம் தடவை போட்டிருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. அந்த மனுஷன், போன மாதம் போடியில் எங்கள் வீட்டு முன்னறையில், நான் செய்த ஸ்பீக்கர்களுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதே படத்துப் பாட்டு ஒன்றை முழுசாகக் கேட்டு முடித்துவிட்டு இப்படிக் கேட்டார்.

அவர் 'இது' என்று சொன்னது பேஸ் கிட்டாரை. பாடகியின் குரலுக்கு அடியில், குரலோடு சேராமலும் அதை விட்டு விலகாமலும், தனக்கென்று ஒரு மெட்டோடு நடந்து போகிற அந்த வாத்தியத்தை.

"இருந்துச்சு மாமா. நம்ம குழாயில வராது, அம்புட்டுத்தான்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இன்னொருக்கா போடு" என்றார்.

நான் போடியில் ஏலக்காய் வியாபாரம் நடக்கும் ஒரு கடையில் கணக்கு பார்க்கிறவன். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, ஸ்பீக்கர் பெட்டி செய்வது. இன்னொன்று, நம் கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற திராட்சை, ஏலக்காய், நார்த்தங்காயை வைத்து, பழைய காக்டெயில்களின் கணக்குப்படி மது இல்லாத பானங்கள் கலப்பது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதவர் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். நிதானமாகப் படியுங்கள்.

நாம் கேட்காமல் விட்ட பாதி

அந்தப் பாட்டுகளுக்கு இசையமைத்த இளையராஜா 1943-ல் பண்ணைப்புரத்தில் பிறந்தார். போடியிலிருந்து தேவாரம் வழியாக கோம்பை போகிற பாதையில் அந்த ஊர் வரும். 1976-ல் அவர் இசையில் 'அன்னக்கிளி' வந்தபோது எங்கள் பள்ளத்தாக்கு கொண்டாடியதை மாமா இன்றைக்கும் கண் விரியச் சொல்வார். நம்ம மண்ணுக்காரர், நம்ம பாட்டு என்ற பெருமை. அந்தப் பெருமையைத் தெருத்தெருவாகக் கொண்டு போனவை மாமா மாதிரி ஆட்கள் கட்டிய குழாய்கள்தான்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவருடைய இசையைத் தனித்துக் காட்டுகிற அடையாளங்களில் முக்கியமானது பேஸ் கிட்டாருக்கு அவர் எழுதும் வரிகள். வெறும் தாளத்துக்குத் துணை போகிற தட்டல் அல்ல அது. மேலே ஓடும் மெட்டுக்கு எதிர்வாதம் பேசுகிற இன்னொரு மெட்டு. 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த மெட்டை, அவர் பிறந்த ஊரைச் சுற்றியிருக்கிற நாம் எதில் கேட்டோம்? திருவிழாக் குழாயில். டீக்கடை ரேடியோவில். கையகல ஸ்பீக்கர் வைத்த டேப் ரெக்கார்டரில். மூன்றிலும் பேஸ் முழுசாக வராது. அவர் எழுதியதில் பாதியைக் கேட்காமலேயே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கிறோம். மீதிப் பாதியைக் கேட்டே ஆக வேண்டும் என்ற ஆசைதான் என்னை மரத்தூளுக்குள் இறக்கியது.

குழாயின் கணக்கு

குழாயைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அது எதற்காகப் பிறந்ததோ அதை நன்றாகச் செய்கிற கருவி. ஆடி மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றைத் தாண்டி, சின்ன ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு அடுத்த ஊர் எல்லை வரைக்கும் குரலைக் கொண்டு சேர்க்க வேண்டும். உள்ளே இருக்கிற 'யூனிட்' உண்டாக்கும் சின்ன அசைவைக் கூம்பு படிப்படியாக விரித்துக் காற்றில் கலந்துவிடுகிறது. அதனால் கொடுக்கிற மின்சாரத்தில் வீணாவது குறைவு. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போன பிள்ளையைக் கூப்பிட இதைவிடப் பொருத்தமான கருவி எது?

ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. கூம்பு ஒரு ஒலியை ஒழுங்காக வெளியே அனுப்ப வேண்டுமென்றால், அதன் வாயின் சுற்றளவு அந்த ஒலியின் அலைநீளத்துக்காவது சமமாக இருக்க வேண்டும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஆக, அந்தச் சுரத்தின் ஒரு அலை மட்டும் 8 மீட்டருக்கு மேல் நீளம். அதை அனுப்ப 2.6 மீட்டர் விட்டமுள்ள வாய் வேண்டும். ஆள் உயரத்தைவிடப் பெரிய குழாய். மாமா வைத்திருந்த குழாய்களின் வாய் ஒன்றரை அடி. அதன் கணக்குப்படி 240 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது கை விரித்துவிடும். பேஸ் கிட்டார் நடமாடுகிற இடம் பெரும்பாலும் அதற்குக் கீழேதான்.

அப்படியானால் சின்ன ரேடியோவில் பேஸ் இருப்பது போல ஓரளவாவது தோன்றுகிறதே, எப்படி? அது நம் மூளையின் வேலை. எந்தச் சுரமும் தனியாக வராது. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளையும் கூடவே கூட்டி வரும். அடிச்சுரத்தை ஸ்பீக்கர் விழுங்கிவிட்டாலும், மேலே மிஞ்சியவற்றை வைத்து மூளை அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. பாதி அழிந்த கல்வெட்டைத் தெரிந்த எழுத்துகளை வைத்துப் படிப்பது போல. மாமா முப்பது வருஷம் ஊகித்துக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் நேரில் கேட்டார்.

பெட்டி எதற்கு?

ஸ்பீக்கர் என்பது காந்தம், அதற்குள் ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு காகிதக் கூம்பு. 1925-ல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் வடிவமைத்துக் கொடுத்த முறைதான் அடிப்படையில் இன்றைக்கும். நூறு வருஷம் ஓடிவிட்டது.

வீட்டில் பழைய ஸ்பீக்கர் ஏதாவது கிடந்தால் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். பெட்டி இல்லாமல் கையில் பிடித்துக்கொண்டு பாட்டுப் போடுங்கள். சன்னமாக, தகரத்தில் மோதுகிற மாதிரி கேட்கும். இப்போது ஒரு பெரிய அட்டையில் அதன் அளவுக்கு ஓட்டை போட்டு, அதில் வைத்து அழுத்திப் பிடியுங்கள். சட்டென்று அடிநாதம் எழும். காரணம் இதுதான்: கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. நடுவில் தடுப்பு இல்லையென்றால் முன்னால் போன காற்று சுற்றி வந்து பின்பக்கத்துப் பள்ளத்தை நிரப்பிவிடும். நீளமான அலைகள் இப்படியே அழிந்து போகும். அந்தத் தடுப்புதான் பெட்டி.

பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஒரு காலத்தில் இதற்குக் குத்துமதிப்புதான் வழி. 1961-ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற பொறியாளர் இதைக் கணக்குக்குள் கொண்டுவந்தார். 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். இன்று நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் கூடவே ஒரு தாளில் 'தீல்–ஸ்மால்' எண்கள் வரும். அவற்றில் மூன்று போதும்: ஸ்பீக்கர் தானாக அதிர விரும்பும் எண், அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்ற எண், அதன் மீள்தன்மைக்குச் சமமான காற்றின் கொள்ளளவு.

கீழ்ச்சுரத்துக்கான என் ஆறரை அங்குல வூஃபரின் எண்கள்: 45 ஹெர்ட்ஸ், 0.40, 20 லிட்டர். முதலில் செய்தது முழுக்க மூடிய பெட்டி. கணக்கு ஒன்பதரை லிட்டர் என்றது. சின்னப் பெட்டி, சுத்தமான சத்தம். ஆனால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாக இறங்கிவிட்டது. நான் தேடிப் போன 41 அதற்கு ஒரு முழு ஸ்தாயி கீழே நின்றது. கேட்டது, ஆனால் வாசலுக்கு வெளியே நின்று பேசுகிறவர் மாதிரி கேட்டது.

அதனால் இரண்டாவது ஜோடியில் துளை வைத்த பெட்டிக்கு மாறினேன்.

சோடா பாட்டிலும் பி.வி.சி. பைப்பும்

காலியான கோலி சோடா பாட்டிலின் வாயில் சின்ன வயதில் ஊதியிருப்பீர்கள். 'ஊ' என்று ஒரே சுரத்தில் பாடும். பாட்டிலில் தண்ணீர் ஊற்றினால் சுரம் ஏறும். உள்ளே இருக்கிற காற்று ஒரு சுருள்வில். கழுத்தில் இருக்கிற காற்று அதன் மேல் வைத்த எடை. வில்லும் எடையும் சேர்ந்து ஒரே ஒரு சுரத்தில் ஆடும். மானாமதுரைக் கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் வித்வான் அடிநாதத்தை மாற்றுவதிலும் இதே காற்றுதான் வேலை செய்கிறது.

ஸ்பீக்கர் பெட்டியில் வைக்கிற குழலும் அந்தப் பாட்டில் கழுத்துதான். கூம்பு களைத்துப் போகிற இடத்தில் பெட்டிக்குள் இருக்கிற காற்று பாட ஆரம்பிக்கும். என் கணக்குக்குக் கிடைத்தது: 21.6 லிட்டர், 43 ஹெர்ட்ஸ். அதற்கு 5.8 செ.மீ. உள்விட்டமுள்ள பி.வி.சி. பைப்பில் 15.5 செ.மீ. துண்டு. வூஃபரும் பைப்பும் அடைக்கிற இடத்தையும் சேர்த்து, பெட்டியின் உள்ளளவு 20 × 25 × 46 செ.மீ. என்று வைத்தேன், 23 லிட்டர். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வாங்கிய பைப்பில் மிஞ்சிய துண்டுதான் இன்றைக்கு பேஸ் கிட்டாரைப் பாட வைத்துக்கொண்டிருக்கிறது.

மரவேலைக்குத் தெருக்கோடி ஆசாரி அண்ணன்தான் துணை. 18 மி.மீ. பிளைவுட்டைக் கொண்டுபோய் அளவு சொன்னதும், "இம்புட்டுச் சின்னப் பெட்டிக்கு எதுக்கு தம்பி இம்புட்டுக் கனத்துல பலகை?" என்றார். விரலால் தட்டினால் பலகை பாடக் கூடாது, கல் மாதிரி ஊமையாக இருக்க வேண்டும், பலகை பாடினால் பாட்டோடு பெட்டியின் குரலும் கலந்துவிடும் என்று சொன்னேன். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஓரங்களுக்குக் காடி எடுத்து, பசை தடவி, ஒரு ராத்திரி முழுக்க இறுக்கி வைத்தார். நான் கேட்காமலேயே நடுவில் ஒரு ரீப்பரைக் குறுக்கே கொடுத்தார். "ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிரும்" என்றார். ஒலியியல் புத்தகங்கள் ஒரு அத்தியாயம் போட்டுச் சொல்வது அதைத்தான்.

உள்ளே அடைக்கப் பஞ்சு வேண்டும். பெட்டிக்குள் சுவருக்குச் சுவர் மோதித் திரும்புகிற நடுச்சுரங்கள் கூம்பின் வழியாக வெளியே கசிந்து குரலைக் கரகரப்பாக்கும். பஞ்சு அவற்றைக் குடித்துவிடும். வெளிநாட்டுப் புத்தகங்களில் செம்மறி ரோமம், பாலியெஸ்டர் இழை என்று எழுதியிருப்பார்கள். போடிக்காரனுக்கு எதற்கு அதெல்லாம்? இலவம் பஞ்சு எங்கள் ஊர்ச் சரக்கு. இலவ இழை உள்ளே கூடாக இருக்கும், எடையே தெரியாது. மெல்லிய துணிப்பையில் தைத்துப் பின்சுவரிலும் பக்கச்சுவர்களிலும் ஒட்டினேன். பைப்பின் வாயை மட்டும் மறைக்கக் கூடாது. பஞ்சை அளவுக்கு மேல் திணித்தால் பேஸும் சேர்ந்து செத்துவிடும். கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரே பாட்டைக் கேட்டு, குரல் தெளிந்த இடத்தில் நிறுத்தினேன்.

இரண்டு பேருக்கு வேலை பிரிப்பது

வூஃபருக்குக் கீழ்ச்சுரம், ட்வீட்டருக்கு மேல்சுரம். இந்தப் பாகப்பிரிவினையைச் செய்வது கிராஸ்ஓவர். கண்டென்சர் மேல்சுரத்தை விடும், கீழ்ச்சுரத்தைத் தடுக்கும். கம்பிச்சுருள் அதற்கு நேர்மாறு. 8 ஓம் ஸ்பீக்கரை 3,000 ஹெர்ட்ஸில் பிரிக்க, எளிய கணக்குப்படி 6.6 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் 0.42 மில்லிஹென்றி சுருளும். ஆனால் '8 ஓம்' என்று எழுதியிருந்தாலும் எந்த ஸ்பீக்கரும் எல்லாச் சுரத்திலும் 8 ஓமாக நிற்காது, ஏறி இறங்கும். அதனால் இந்தக் கணக்கைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு காதும், அளப்பதற்கு ஒரு சின்ன மைக்கும் வழிகாட்டும். பெரிய ட்வீட்டர், சின்ன ட்வீட்டர், பட்டு, அலுமினியம் என்றெல்லாம் வாதாடுவதைவிட, பாடுகிறவரின் குரலில் 'ச'வும் 'ஷ'வும் குத்தாமல் ஒலிக்கிறதா என்று கேட்பது பயன் தரும்.

ஒரு அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன், புதிதாகச் செய்கிறவர்களுக்கு உதவும். முதல் ஜோடியை முடித்துப் பாட்டுப் போட்ட அன்று பேஸ் சுத்தமாக இல்லை. குரலும் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறிக் கிடந்தது. பெட்டிக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து இரண்டு நாள் போனது. கடைசியில் பார்த்தால், ஒரு பெட்டியில் மட்டும் கூட்டல், கழித்தல் ஒயர்களை மாற்றிக் கொடுத்திருந்தேன். ஒரு கூம்பு முன்னால் வரும்போது இன்னொன்று பின்னால் போகிறது. ஒன்று கொடுத்ததை மற்றது எடுத்துக்கொள்கிறது. ஒயரை மாற்றியதும் குரல் நேர் நடுவில் வந்து நின்றது. வீட்டில் ஏற்கனவே ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் முதலில் இதைச் சரிபாருங்கள். பைசா செலவில்லாமல் கிடைக்கிற பெரிய முன்னேற்றம் இது.

எனக்கு இரண்டாவது ஜோடி எல்லாம் சேர்த்து 16,000 ரூபாய்க்குள் முடிந்தது. வூஃபரும் ட்வீட்டரும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்தவை. மற்றதெல்லாம் ஊர்ச் சரக்கு.

இனி தம்ளர்

கடை வேலை முடிந்து வரும்போது என் சட்டையில் ஏலக்காய் வாசனை இருக்கும். காயின் நிறத்தையும் பருமனையும் பார்த்துத் தரம் பிரிப்பதும், நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலத்தில் விலை ஏறி இறங்குவதும்தான் பகல் முழுக்கப் பேச்சு. பத்து வருஷம் ஏலக்காய்க்கு நடுவில் உட்கார்ந்த பிறகும் அதை டீயிலும் பாயசத்திலும் தவிர வேறு எதிலும் போட்டுப் பார்த்ததில்லை என்று ஒருநாள் தோன்றியது. அங்கே ஆரம்பித்தது இது.

எங்கள் வீட்டில் மது கிடையாது. ஆனால் காக்டெயில் பற்றிய பழைய புத்தகங்களைப் படித்தபோது, போதையைத் தாண்டி அதற்குள் சமையல் அறிவு ஒன்று இருப்பது தெரிந்தது. 1806-ல் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில் வந்த ஒரு பத்திரிகை காக்டெயில் என்றால் என்ன என்று விளக்கம் எழுதியது: மது, சர்க்கரை, தண்ணீர், கசப்பு. நான்கே பொருள். கவனியுங்கள், தண்ணீரும் கசப்பும் அந்தப் பட்டியலில் சமமாக உட்கார்ந்திருக்கின்றன. நம் சர்பத் கடைகளில் இனிப்பும் புளிப்பும் உண்டு, கசப்புக்கு இடமில்லை. ஆனால் நம் சாப்பாட்டில் உண்டு. அறுசுவையில் கசப்பையும் துவர்ப்பையும் சேர்த்து எண்ணியவர்கள் நாம்.

கசப்புக்கும் எங்கள் பள்ளத்தாக்குக்கும் ஒரு பழைய உறவும் இருக்கிறது. பெரியாறு அணையைப் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி 1895-ல் எங்கள் பக்கம் தண்ணீர் திருப்புவதற்குள் மலேரியா காய்ச்சல் எத்தனையோ தொழிலாளிகளைக் கொண்டுபோனது. அந்தக் காலத்தில் மலேரியாவுக்கு இருந்த மருந்து சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் கொய்னா. நீலகிரியில் 1860-களிலேயே அந்த மரத்தை ஆங்கிலேயர்கள் பயிரிட்டார்கள். அந்தக் கடுங்கசப்பை விழுங்குவதற்காகச் சர்க்கரையும் சோடாவும் சேர்த்ததுதான் டானிக் வாட்டர். உலகம் முழுக்கப் பேர் வாங்கிய 'ஜின் அண்ட் டானிக்' பிறந்தது காய்ச்சல் மருந்திலிருந்து. அதேபோல அங்கோஸ்டுரா என்ற பெயர்பெற்ற கசப்புச் சாறும் 1824-ல் வெனிசுவேலாவில் சீகர்ட் என்ற மருத்துவர் வயிற்றுக்காகத் தயாரித்ததுதான்.

எனக்குக் கசப்பு தருவது நார்த்தங்காய்த் தோல். நிழலில் காயவைத்து, வெறும் சட்டியில் லேசாக வறுத்து, இரண்டு ஏலக்காயும் நான்கு மிளகும் தட்டிப் போட்டு, சிறு தீயில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினால், காபி நிறத்தில் ஒரு சாறு கிடைக்கும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். ஒரு தம்ளருக்கு நாலு சொட்டு.

அடிப்படை, எங்கள் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைதான். வெளியுலகில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையான்பட்டிப் பக்கம் பந்தல் பந்தலாகப் பார்க்கலாம். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து செய்யும் நாள் மாறுவதால் வருஷம் முழுக்க எங்காவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். அதற்கு ஏன் பன்னீர் என்று பெயர்? மஸ்கட் வகைத் திராட்சைகளின் மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஜெரானியால், லினலூல் இரண்டும் முக்கியமானவை. ரோஜாவின் மணத்திலும் ஜெரானியாலுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஆட்கள் ஆய்வுக்கூடம் இல்லாமல் மூக்கால் கண்டுபிடித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். லினலூல் ஏலக்காயிலும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் ஏன் அவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இனி என் கலவை, ஒரு ஆளுக்கு:

பன்னீர் திராட்சைச் சாறு 60 மி.லி. கையால் பிசைந்து துணியில் வடிகட்டியது. அடுப்பில் ஏற்றக் கூடாது, ஏற்றினால் பன்னீர் வாசம் ஆவியாகப் போய்விடும்.
மேகமலைத் தேயிலையில் போட்ட கடுந்தேநீர், பால் இல்லாமல், ஆறியது 30 மி.லி.
எலுமிச்சைச் சாறு 15 மி.லி.
ஏலக்காய்ப் பாகு 15 மி.லி. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு. அடுப்பை அணைத்த பிறகு தட்டிய ஏலவிதையைப் போட்டு அரைமணி நேரம் மூடிவைக்க வேண்டும்.
நார்த்தங்காய்ச் சாறு 4 சொட்டு.

எல்லாவற்றையும் மூடி இறுகிய பாத்திரத்தில் கைநிறைய ஐஸோடு போட்டுப் பன்னிரண்டு விநாடி பலமாகக் குலுக்குங்கள். வடிகட்டித் தம்ளரில் ஊற்றி, மேலே 60 மி.லி. கோலி சோடா.

இதில் தேநீர் எதற்கு? மது தொண்டையில் தருகிற கனமும் பிடிப்பும் பழச்சாறில் இருக்காது. குடித்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். தேநீரின் துவர்ப்பு நாக்கைப் பிடித்து நிறுத்துகிறது. ஐஸ் எதற்கு? குளிர்ச்சிக்கு மட்டும் இல்லை. குலுக்கும்போது உருகுகிற ஐஸ் பானத்தின் அளவில் கால் பங்கு வரை தண்ணீர் சேர்க்கும். 1806-ஆம் வருஷத்துப் பட்டியலில் இருந்த அந்தத் தண்ணீர் இதுதான். தண்ணீர் சேர்ந்த பிறகுதான் வாசனை விரிந்து மூக்குக்கு வரும்.

இதைக் குடித்துப் பார்த்த அத்தை, மாமாவின் மனைவி, ஒரு வாய் வைத்துவிட்டு, "ஒரு சிட்டிகை உப்புப் போடுப்பா" என்றார். போட்டேன். கசப்பு பின்வாங்கித் திராட்சை முன்னால் வந்தது. உப்பு கசப்பை அடக்கும் என்பது அறிவியல் ஒப்புக்கொண்ட உண்மை. பாகற்காய் சமைக்கிற கைக்கு அது எப்போதோ தெரியும். அன்றிலிருந்து அந்தச் சிட்டிகை உப்பும் என் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இரண்டும் ஒன்றுதான்

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். பெட்டிக்கும் தம்ளருக்கும் என்ன சம்பந்தம்?

எது நன்றாக இருக்கிறதோ அதைக் கூட்டு என்பதுதான் நம் வழக்கமாகிவிட்டது. பாட்டு பிடித்தால் சத்தத்தைக் கூட்டு. சர்பத் பிடித்தால் சர்க்கரையைக் கூட்டு. கூட்டக் கூட்டக் காது மரத்துப் போகிறது, நாக்கும் மரத்துப் போகிறது. மரத்துப் போனதற்கு ஈடாக இன்னும் கூட்டுகிறோம். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்ற விதி 2000-லிருந்து இருக்கிறது. இருந்தும் ஒவ்வொரு திருவிழாக் காலத்திலும் கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்மார்களும் படுக்கையில் கிடக்கிற பெரியவர்களும் படுகிற பாட்டை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நெஞ்சு அதிர்கிற அளவுக்கு அடுக்கி வைத்த பெட்டிகளில் பேஸ் இருக்கிறது. ஆனால் பேஸ் கிட்டார் எழுதிய மெட்டு அதில் இல்லை. இடி இருக்கிறது, வாக்கியம் இல்லை.

ஸ்பீக்கர் செய்தது எனக்குக் கற்றுக் கொடுத்தது இதைத்தான்: நல்ல பெட்டி பாட்டில் எதையும் சேர்க்காது. பலகையின் குரலை எடுத்துவிடு, சுவரின் எதிரொலியை எடுத்துவிடு, ஒயரின் பிழையை எடுத்துவிடு. எல்லாம் போன பிறகு மிஞ்சுவது எழுதியவர் எழுதியது. தம்ளரிலும் அதுவே. சர்க்கரையைக் குறைத்து, கசப்புக்கும் துவர்ப்புக்கும் இடம் விட்டால், பந்தலில் பறித்த பழத்தின் வாசனை தானாக வெளியே வருகிறது. குறைக்கக் கற்ற பிறகுதான் எனக்குப் பாட்டும் கேட்டது, பழமும் ருசித்தது.

எங்கள் முன்னறையில் ஸ்பீக்கர் ஒலிக்கும்போது தெருவில் நிற்பவர்களுக்குப் பாட்டு கேட்காது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு விரல் தந்தியில் உரசுவது வரை கேட்கும். மாமா இப்போது பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கோம்பையிலிருந்து பஸ் ஏறி வருகிறார். தான் முப்பது வருஷம் போட்ட பாட்டுகளை ஒவ்வொன்றாக, முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அத்தை தம்ளர்களைக் கழுவி எடுத்து வைப்பார்; நான் திராட்சை பிசைவேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எல்லோரும் பெட்டி செய்ய வேண்டியதில்லை. இந்த வாரம் ஒரு நாள், உங்களுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். போனைத் தள்ளி வையுங்கள். வேறு எந்த வேலையும் செய்யாமல், நல்ல ஹெட்ஃபோனிலோ ஸ்பீக்கரிலோ, குரலை விட்டுவிட்டு அடியில் ஓடுகிற பேஸை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை பின்தொடருங்கள். முடிந்ததும் வீட்டில் இருக்கிற பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு அதே பாட்டை அவருக்கும் போட்டுக் காட்டுங்கள்.